முப்பத்திரண்டு கையெழுத்துகள்

எங்கள் கல்லூரி வாசலில் விரல் வைக்கிற மெஷின் வந்து சில வருஷங்கள் ஆகின்றன. அதற்கு முன்னால் முதல்வர் அறைக்கு வெளியே ஒரு மேஜை, அதன்மேல் வருகைப் பதிவேடு, நூலில் கட்டிய ஒரு பேனா. வியாழக்கிழமைகளில் வேலூர் பஸ் தாமதமாகத்தான் வரும் என்பதால் என் துறைத் தோழிக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டுவிடுவேன். அவள் கையெழுத்து அவளைவிட எனக்கு நன்றாக வரும். கடைசியில் ஒரு சுழி, அதன்கீழ் இரண்டு புள்ளி. அவசரத்தில் அவள் ஒரு புள்ளியை விட்டுவிடுவதுண்டு, நான் விட்டதே இல்லை. எனக்காக அவள் போட்ட நாட்களும் உண்டு. எங்களைப் போல இன்னும் பல பேர் இருந்ததால்தான் மெஷின் வந்தது. முதல் வாரம் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கோபம், நம்மையெல்லாம் கைநாட்டு என்று நினைத்துவிட்டார்களா என்று. பிறகு பழகிவிட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதில் நான் ரொம்ப யோக்கியமானவளாகத் தெரிந்துவிடக் கூடாது.

நான் வரலாறு கற்பிக்கிறவள். என் ஆராய்ச்சி பெண்களின் வேலை பற்றியது. திருவண்ணாமலையில் இருந்துகொண்டு வரலாறு என்று சொன்னால், கேட்கிறவர்கள் கல்வெட்டா, கோபுரமா என்று ஆவலாக முகத்தை நீட்டுவார்கள். நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், வேர்க்கடலை பிடுங்கியவர்கள் என்று சொன்னதும் ‘ஓ’ என்பார்கள். அந்த ‘ஓ’வைக் கேட்டுக் கேட்டு எனக்கு இருபது வருஷமாக எரிச்சல்.

சிரமம் என்னவென்றால் அந்தப் பெண்களைப் பற்றிய காகிதம் குறைவு. பட்டா புருஷன் பெயரில் இருக்கும். விடியற்காலையிலிருந்து சேற்றில் நின்றவளுக்கு நேராகக் கணக்கெடுப்புப் படிவத்தில் ‘வீட்டு வேலை’ என்று இருக்கும். சொன்னது அவள் புருஷன், எழுதிக்கொண்டது இன்னோர் ஆண். அதனால் மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான்: ஓர் ஆவணம் கைக்கு வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று கடைசியில் பாருங்கள், இதை யார் எழுதினார், யாரிடம் காட்ட எழுதினார், எந்த நாளில் எழுதினார் என்று முதலில் கேளுங்கள். வருஷா வருஷம் இதைக் கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போடுவேன்.

எட்டு வருஷங்களுக்கு முன் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பழைய பஞ்சாயத்துக் கட்டடத்தை இடித்தார்கள். பீரோவைக் காலி செய்தபோது கிடைத்ததாக அங்கிருந்தவர்கள் என்னிடம் ஒரு கெட்டி அட்டை நோட்டைக் கொடுத்தார்கள். அந்த ஊர் விவசாயக் கூலிப் பெண்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் நடத்திய சங்கத்தின் தீர்மான நோட்டு அது. முப்பத்திரண்டு உறுப்பினர்கள், மாதம் ஒரு கூட்டம். நடவு நாளில் கைக்குழந்தைகளை விட்டுவைக்க ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒரு கொட்டகை வேண்டும், மதியம் நிழலில் உட்கார நேரம் வேண்டும், நிறைமாதக்காரிகளைக் களையெடுப்புக்குக் கூப்பிடக் கூடாது. பெண்ணியம் என்ற சொல்லையே கேட்டிராத பெண்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் தடவை படித்தபோது விடியும்வரை நோட்டை மூடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

முதல் சில மாதங்களின் பக்கங்களில் தீர்மானத்தின் கீழே பெரும்பாலும் கைநாட்டுதான். கையெழுத்து நாலே நாலு. பிறகு மாதா மாதம் கையெழுத்துகள் கூடிக்கொண்டே வருகின்றன. உள்ளூரில் கொஞ்சம் படித்த ஓர் ஆள் சங்கத்துக்கு நோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், சாயங்காலம் பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. அழகான குண்டு எழுத்து அவருக்கு. அப்புறம் அந்தப் பக்கம் வருகிறது: முப்பத்திரண்டு பேரும் கையெழுத்து, ஒரு ரேகைகூடக் கிடையாது. அதைத் திருப்பினால் எல்லாமே தலைகீழ். குண்டு எழுத்து காணாமல் போய், வலப்பக்கம் போகப்போக மேலே ஏறுகிற கோணல் எழுத்து வந்துவிடுகிறது. கீழே முப்பத்திரண்டு கைநாட்டு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே கோணல் எழுத்தில், இது இன்னார் ரேகை என்று குறிப்பு. நோட்டு முடிகிறவரை அப்படியே.

இதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் என்பதில் புதிர் ஒன்றும் இல்லை. கல்வி வந்தது, சங்கம் வளர்ந்தது, கற்றுக்கொடுத்தவர் போனார், கற்றது மறந்தது, சங்கம் தேய்ந்தது. என் புத்தகத்தின் நடு அத்தியாயத்துக்கு ‘ஏற்றமும் தேய்வும்’ என்று பெயர் வைத்தேன். முப்பத்திரண்டு கையெழுத்துகள் உள்ள பக்கத்தைக் கருத்தரங்குகளில் திரையில் போட்டுக் காட்டுவேன், பார்த்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தின் தீர்மானம் என்ன தெரியுமா? ஏரிக்கரைக் கொட்டகை கேட்டு அனுப்பிய மனுவை ஒருமனதாகத் திரும்பப் பெறுகிறோம் என்பது. கேட்டதையே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்களே என்று ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. அதற்கும் ஒரு பெயர் கண்டுபிடித்தேன்: ‘ஊரோடு இணங்கிப் போகும் அரசியல் முதிர்ச்சி’. படித்தவர்களிடம் இதற்கெல்லாம் பெயருக்குப் பஞ்சமே இல்லை.

போன வருஷம் புத்தகத்தைச் சென்னையில் ஒரு பதிப்பகம் எடுத்துக்கொண்டது. தை மாதப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார்கள். அந்தப் பக்கத்தின் படம்தான் அட்டை என்று முடிவாயிற்று. உறுப்பினர்களில் உயிரோடு இருக்கும் யாரையாவது பேட்டி கண்டு சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று பதிப்பாசிரியர் சொன்னார். விசாரித்ததில் ஒருவர் கிடைத்தார். எட்டு வருஷமாக யாருடைய பெயரை நான் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, அவர் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடையில், செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்துகொண்டிருந்தார்.

தீபக் கூட்டம் கலைந்த அடுத்த வாரம் போனேன். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். சங்கத்தில் வயதில் சின்னவர் அவர்தான் என்றும், முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்ட நாலு பேரில் ஒருவர் என்றும் நோட்டிலிருந்து எனக்குத் தெரியும். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே பேசினார். பேட்டிக்குச் சம்மதம் என்று ஒரு படிவம் வைத்திருந்தேன், அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“மை இருக்குதா மேடம்?”

என் பையில் எப்போதும் ஒரு மை டப்பா இருக்கும். கிராமங்களுக்குப் போகிறவள் இல்லையா, அதில் எனக்கு ஒரு பெருமை. டப்பாவைத் தேடி எடுக்கிறவரை அவர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். திறந்து நீட்டினேன். இடது கைப் பெருவிரலை ஒத்தி, ஒரு பக்கமிருந்து மறு பக்கம் மெதுவாக உருட்டி எடுத்தார். ஒரு கோடு கலையவில்லை. படிவத்தில் ‘எழுதப் படிக்கத் தெரியாது’ என்ற கட்டத்தில் நான் டிக் செய்துகொண்டேன். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவரே இன்றைக்கு ரேகை வைக்கிறார், என் அத்தியாயத்துக்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும் என்று மனசுக்குள் ஓடியது.

“கையெழுத்துப் போடுறது எப்ப மறந்துபோச்சுக்கா?” என்று கேட்டேன்.

அவர் பீன்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அது அப்படியே போயிடுச்சு மேடம்.”

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது அட்டைப்பட நகலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்தப் பக்கத்தையா போடுறீங்க?”

“ஆமாக்கா. எவ்ளோ அழகா இருக்குது பாருங்க.”

“ம்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். சாம்பார் கொதித்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அச்சுப் படிகள் வந்தன. அவருடைய பேட்டி வரும் பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு போனேன், மரியாதைக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று. அவர் பின்பக்கம் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் நின்றேன். கதவில் ஒரு தாள் டேப் போட்டு ஒட்டியிருந்தது. மூன்றாம் நம்பர் ரூமுக்குக் காரம் கம்மி. ஐந்தாம் நம்பருக்கு வேர்க்கடலை ஆகாது, சட்னி தனியாக. ஒன்பதாம் நம்பர் அம்மா சாயங்காலம் சாப்பிடாது. ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் போகப்போக மேலே ஏறியிருந்தது.

அந்த எழுத்தை நான் எட்டு வருஷம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். என் அத்தியாயத்தில் அதைப் பற்றி ஒரு பாராவே உண்டு. ‘பயிற்சி இல்லாத கை, தேய்வின் முதல் அடையாளம்’ என்று.

அவர் உள்ளே வந்தார். நான் தாளைப் பார்ப்பதைப் பார்த்தார்.

“இது யாரு எழுதினதுக்கா?”

“நாந்தான்.”

“நோட்டுல பின்னாடி இருக்கிறதும்?”

“அதுவும் நாந்தான். அஞ்சாவது வரைக்கும் படிச்சவ மேடம் நான். ஆம்பள ஆளு ஒருத்தரு இருக்கும்போது என்னை யாரு எழுதச் சொல்லுவாங்க? அவரு போனப்புறம் நான் எழுதினேன்.”

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

“நீங்க கேக்கலையே. எப்ப மறந்தீங்கன்னுதானே கேட்டீங்க.”

ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். டீ வைத்துக்கொண்டே அவர் சொன்னதை இங்கே நான் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். அவர் சொன்னபோது நடுநடுவே பால்காரர் வந்தார், ஐந்தாம் நம்பர் ரூம் பெண் வந்து வெந்நீர் கேட்டாள்.

முப்பத்திரண்டு கையெழுத்துகள் உள்ள பக்கத்தை அந்தப் பெண்கள் எழுதவும் இல்லை, அதில் கையெழுத்துப் போடவும் இல்லை. நோட்டு எழுதியவருடைய மாமன் ஏரிக்கரைப் புறம்போக்கில் களம் போட்டிருந்தார். கொட்டகை வந்தால் களம் போய்விடும். எல்லோருடைய கையெழுத்தும் எப்படி இருக்கும் என்று ஊரில் ஒருவருக்குத்தான் தெரியும், கரும்பலகையில் எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்தவருக்கு. அவரே உட்கார்ந்து முப்பத்திரண்டையும் போட்டு, நகலைத் தாலுகா ஆபீஸில் கொடுத்துவிட்டார். மார்கழியில் கூட்டம் போடவில்லை, அதனால் பெண்களுக்கு இது தெரியவே தெரியாது. கொட்டகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

“தை நடவு. வரிசையில ஏழாவதா பேரு இருக்குது பாருங்க, அவங்க புள்ளை. ஒன்றரை வயசு. வரப்புல துணி போட்டுத் தூங்க வெச்சிருந்தாங்க. எழுந்து வாய்க்கால் பக்கம் போயிடுச்சு.”

டீயை வடிகட்டி என் கையில் கொடுத்தார்.

“எல்லாரும் ஆபீஸ் போயி சண்ட போட்டோம். கொட்டாய் கேட்டு எத்தினி மாசம் ஆச்சு, போட்டிருந்தா புள்ளை பொழச்சிருக்குமேன்னு. அவங்க காகிதத்தை எடுத்துக் காட்டுனாங்க. நீங்கதான் வேணாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேன்னு. அந்த ஏழாவது அம்மா அவங்க பேரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க மேடம். அச்சு அசல் அவங்க போடுற மாதிரியே இருந்துச்சு. நாமதான் போட்டுட்டமோன்னு அவங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சு. இன்னிக்கு வரைக்கும் முழுசா போகல அது. இப்பவும் கேப்பாங்க, நான் போடலல்லன்னு.”

ஊருக்குத் திரும்பி அந்த ஆளிடமிருந்து நோட்டைப் பிடுங்கினார்கள். அன்றைக்கே கூட்டம் போட்டார்கள். இனிமேல் கையெழுத்து வேண்டாம், தெரிந்தவளும் ரேகைதான் வைக்க வேண்டும் என்று பேசி முடிவு செய்தார்கள், அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

“கையெழுத்தை யாரு வேணா கத்துக்கலாம். விரல் எங்கிட்டதானே இருக்குது.”

நான் தேய்வு என்று எழுதிய பக்கங்கள் அவை. நோட்டு அதற்குப் பிறகும் நாலு வருஷம் போகிறது. கொட்டகை கிடைக்கவில்லை, ஆனால் நடவுக்கு இரண்டு பேர் கம்மியாக இறங்கிக் கரையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்றும், அவர்களுக்கும் நடவுக்காரிகளைப் போலவே கூலி என்றும் ஊரை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். அந்தத் தீர்மானமும் நோட்டில் இருக்கிறது. கோணல் எழுத்தில் இருந்ததால் நான் அதற்கு அரை வரிதான் கொடுத்திருந்தேன்.

“அந்தப் பக்கத்துக்குத் தேதி பாத்தீங்களா?” என்று கேட்டார்.

தேதி எனக்கு மனப்பாடம். சொன்னேன்.

“அன்னிக்கு தீபம் மேடம். எங்க ஊர்ல பொம்பளைங்க யாரு இருந்தா? விடிய விடிய கிரிவலம் சுத்திட்டு மறுநாள்தான் ஊர் திரும்பினோம். நீங்க இந்த ஊருதானே?”

இந்த ஊர்தான். பிறந்ததிலிருந்து தீபத்தன்று நான் வேறு எங்கும் இருந்ததில்லை. பத்து நாளும் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்வேன். எட்டு வருஷம் அந்த ஆங்கிலத் தேதியை வெறும் எண்ணாகவே பார்த்திருக்கிறேன், பஞ்சாங்கத்தை எடுத்து அது என்ன நாள் என்று பார்க்கத் தோன்றவில்லை. யார் எழுதினார், யாரிடம் காட்ட எழுதினார், எந்த நாளில் எழுதினார். மூன்றிலும் எனக்குப் பூஜ்யம். என் மாணவி யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கொண்டுபோன நகலை அவர் வாங்கிப் படித்தார். உதட்டை அசைத்து, நிதானமாக. ‘அது அப்படியே போயிடுச்சு’ என்று அவர் சொன்னதாக நான் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இது வேணாம். அட்டையும் வேணாம். அவங்க கண்ணுல அந்தப் பக்கம் பட்டா தாங்க மாட்டாங்க. புஸ்தகத்துலயே போட்டுட்டாங்க, அப்ப நாந்தான் போட்டிருக்கேன்னு நெனச்சுக்குவாங்க.”

“நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்களேக்கா” என்று என் வாயில் வந்துவிட்டது. எந்த ஆபீஸ் மேஜையிலிருந்து பேசுகிறேன் என்பது பேசிய பிறகுதான் உறைத்தது.

“குடுத்தேன். படிச்சுப் பாத்துட்டுத்தான் ரேகை வெச்சேன். ரெண்டாவது பாராவுல ஒரு வரி விட்டுட்டுப் படிச்சீங்க. எப்ப வேணாலும் வேணாம்னு சொல்லலாம்னு இருந்துச்சு. இப்ப வேணாம்னு சொல்றேன்.”

விட்டிருந்தேன். அவசரத்தில் எப்போதுமே விட்டுவிடுகிற வரி அது.

பதிப்பாசிரியருக்கு அன்று சாயங்காலம் போன் செய்தேன். அவர் நல்ல மனிதர், தன் வேலையைப் பார்க்கிறவர். “நோட்டு பொது ஆவணம்தானே மேடம். அவங்க பேட்டியை மட்டும் எடுத்துடுவோம். அட்டை அப்படியே இருக்கட்டும். இப்போ மாத்தினா கண்காட்சிக்கு வராது. அதுவுமில்லாம ஒரு சமையல்காரம்மா வாய்ல சொல்றதை வெச்சு ஒரு அத்தியாயத்தையே மாத்துவீங்களா? ஆதாரம் வேணாமா?” யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யோசித்தேன் என்று சொல்வது பொய். இரண்டு நாள் ஆசைப்பட்டேன். பேட்டியை எடுத்துவிட்டால் சட்டப்படி என்மேல் தப்பு இல்லை. அந்த ஏழாவது அம்மா சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வரப்போவதில்லை. என் பதவி உயர்வுக்கு இந்தப் புத்தகம் வேண்டும், கைதட்டியவர்களிடம் போய் நான் காட்டியது பொய்க் கையெழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை இந்த அக்காவுக்கே ஞாபகம் பிசகியிருக்கலாமே என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அதை நினைத்ததற்குத்தான் இன்றைக்கும் எனக்கு அதிக வெட்கம்.

திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலில் மெஷின் முன்னால் வரிசை. முன்னால் ஆங்கிலத் துறைத் தலைவர் விரல் வைத்தார், பிறகு என் தோழி, பிறகு நான். பச்சை விளக்கு எரிந்தது. மூன்று பேரும் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். நாளைக்கு எவனோ ஒருவன் எங்கள் வருகைப் பதிவை ஆராய வந்தால் பார்ப்பான்: ஒரு வருஷம் வரை கையெழுத்து, அதற்கப்புறம் எல்லோரும் விரல் ரேகை. இந்தக் கல்லூரி ஆசிரியர்களுக்கு எழுத்து மறந்துவிட்டது என்று எழுதுவானா? எங்களுக்கு என்றால் மாட்டான்.

மதியம் நூலகத்தில் பழைய பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தேன். அன்றைக்குத் தீபம்தான். வீட்டுக்கு வந்து நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். முந்தைய பக்கங்களில் ஒவ்வொரு பெண்ணும் பேனாவை ஒவ்வொரு மாதிரி அழுத்தியிருந்தாள். ஒருத்தி முதல் எழுத்தில் தயங்கி மை ஊறவிட்டிருந்தாள், ஒருத்தி கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கியிருந்தாள். அந்த ஒரு பக்கத்தில் யாரும் தயங்கவில்லை. ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஒரே ஆசிரியரிடம் கற்ற ஒழுங்கு என்று நான் அதைப் பாராட்டி எழுதியிருந்தேன். தோழியின் இரண்டாவது புள்ளியை ஒருநாளும் விடாத எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கள்ளக் கையெழுத்து அசலைவிடச் சுத்தமாக இருக்கும்.

பதிப்பாசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கண்காட்சி போயிற்று. அட்டைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கேட்டேன், ரேகைகள் உள்ள பக்கம். பார்க்க அவ்வளவு எடுப்பாக இல்லையே என்றார், ஆனால் ஒத்துக்கொண்டார். அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். இரண்டு மாதம் ஆயிற்று.

மாசியில் ஒரு நாள் புது அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். சீசன் முடிகிற நேரம், பாதி ரூம் காலி. படித்துக் காட்டவா என்றேன். வேண்டாம் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் படித்து முடிக்கிறவரை நான் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

“ஏமாற்றப்பட்ட பெண்கள்னு போட்டிருக்கீங்க. ஏமாந்தது ஒரு தடவைதான். அதுக்கப்புறம் யாரும் ஏமாத்த முடியலன்னும் போடுங்க.”

போட்டேன். அங்கேயே, ஓரத்தில்.

கடைசிப் பக்கம் வரை படித்தார். பேனாவையும் மை டப்பாவையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படிவத்தைப் படித்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. முன்போலவே விரலை ஒத்தி உருட்டி வைத்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. என்னை நம்பிக் கையெழுத்துப் போடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு அத்தியாயத்தில் ஒரு தாளைத் தனியாக உருவி எடுத்தார். அந்தப் பக்கத்தை முப்பத்திரண்டு பெண்களில் ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் ஒப்பமிடவில்லை என்று நான் எழுதியிருந்த தாள்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். ஏழாவது அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். அடியில நீங்க வைங்க.”

பேனாவை எடுத்தேன்.

“கையெழுத்து வேணாம் மேடம். கையெழுத்துன்னா அவங்க நம்ப மாட்டாங்க.”

இருபது வருஷமாக நான் பிறருக்கு நீட்டிக்கொண்டிருந்த டப்பா. இடது கைப் பெருவிரலை மையில் அமுக்கி, தாளில் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் கறுப்பாக ஒரு திட்டு. கோடே தெரியவில்லை.

“அழுத்தாதீங்க. உருட்டணும்” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரலைத் துடைத்துவிட்டார், மறுபடி லேசாக ஒத்தி எடுத்தார், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அவரே உருட்டினார். ரேகை தெளிவாக விழுந்தது. என் விரலில் இத்தனை கோடுகள் இருக்கும் என்று நான் கவனித்ததில்லை.

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, நான் கீழே வைத்த பேனாவை எடுத்தார். நோட்டில் எழுதிய மாதிரியே, ரேகைக்குப் பக்கத்தில் எழுதினார். இது காலேஜ் டீச்சரம்மா ரேகை. வரி வலப்பக்கம் மேலே ஏறிக்கொண்டே போனது.